வயித்து வலி என்று சொன்னவள்

எங்கள் வார்டில் யாராவது "வயித்து வலி" என்று சொன்னால் நாங்கள் வயிற்றைப் பார்க்க மாட்டோம். முகத்தைத்தான் பார்ப்போம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘தீராத வயிற்று வலியால் இளம்பெண் தற்கொலை’ என்று பேப்பரில் வந்தால் டீக்கடையில் படிக்கிறவர் என்ன சொல்வார்? "என்ன வலியோ, எந்த வீட்டு வலியோ" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவார். காதல், மாமியார், பரீட்சை, குடிகார மாப்பிள்ளை, எல்லாவற்றையும் போர்த்தி மூட நம்மிடம் இருப்பது இந்த ஒரே போர்வைதான். வயிற்றை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை, குடும்ப மானமும் போகாது. முழுப் பூசணிக்காயை நாம் இந்தச் சோற்றில்தான் மறைப்போம்.

போன வாரம் வசந்தி போன் பண்ணினாள். என்னிடம் வேலை பழகிய நர்ஸ், இப்போது அதே வார்டுக்கு இன்சார்ஜ். "அக்கா, நேத்து எங்களுக்கு ஒரு கிளாஸ் எடுத்தாங்க. உடம்புல அழற்சி கூடுனா சில பேருக்குச் சாகணும்ங்கிற நெனப்பும் கூடுதுன்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். எனக்கு உங்க வயித்து வலிப் பொண்ணு ஞாபகம் வந்துருச்சு. எழுதிக் குடுங்கக்கா, புதுப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள். "எழுதுற வயசாடி இது? கண்ணாடியத் தேடவே அரை நாள் போகுது" என்று திட்டிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பெண்ணின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் பாக்கியம். சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் மகள். நர்சிங் படித்த கதையில் ஹாஸ்டல் சாம்பாரையும் வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டதையும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. படித்து முடித்ததும் மதுரைக்கு மேற்கே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, அதன் பேர் இங்கே வேண்டாம். மனநலப் பிரிவில் போட்டார்கள். "பைத்தியக்கார வார்டுலயா எம் புள்ள?" என்று எங்கள் ஆத்தா அழுதது. நானும் கூட உட்கார்ந்து அழுதேன். அப்படி அழுதவள், ரிட்டயர் ஆகும்வரை அங்கிருந்து மாற்றலே கேட்கவில்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்துப் பிழைத்தவர்கள், உடம்பு தேறியதும் எங்களிடம் வருவார்கள். முதல் நாள் எந்தக் கேள்வியும் கிடையாது. கஞ்சி குடிக்க வைக்க வேண்டும், தலை வாரிவிட வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த நாள் டாக்டர் வருவார். அதற்குள் சொந்தபந்தத்தை வெளியே அனுப்புவது என் பொறுப்பு. "எங்க புள்ளய நாங்க பாக்கக் கூடாதா?" என்று எகிறுவார்கள். "பாக்கலாமே. டீயக் குடிச்சிட்டு வந்து பாருங்க, புள்ள எங்கயும் ஓடிராது" என்பேன். வாய்க்காரி என்று அங்கே எனக்குப் பெயர் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் டாக்டர் நாகர்கோவில் பக்கத்து மனிதர். ஒல்லி. குரலே எழும்பாது. யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. "அப்படியா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்பார், திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும். நோயாளியின் கட்டிலைவிடத் தாழ்வான ஒரு முக்காலி வைத்திருந்தார், அதில்தான் உட்காருவார். "படுத்திருக்கிற மனுஷன் நம்மள அண்ணாந்து பாக்கக் கூடாது சிஸ்டர்." உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். நாடி எண்ணிக்கையை நான் முன்பே எழுதி வைத்திருப்பேன், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கையைக் கடைசிவரை விட மாட்டார். முதல் கேள்வி எப்போதும், "நேத்து என்ன சாப்ட்டீங்க?"

‘ஏன்’ என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. நான் புதுசாகச் சேர்ந்தபோது ஒரு பையனிடம், "ஏன் தம்பி இப்படிப் பண்ணே?" என்று கேட்டுவிட்டேன். வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஏன்னு கேட்டா யாரா இருந்தாலும் ஒரு பதில் சொல்லத்தான் செய்வாங்க. பதில் சொல்லிட்டாங்கன்னா நாம தேடுறத நிறுத்திருவோம். எப்பன்னு கேளுங்க. எப்பத் தோணுச்சு, எப்பக் கூடுச்சு, எப்பக் கொறஞ்சுச்சு. மத்தது தானா வரும்."

இதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் சந்தேகம் சும்மா வந்ததில்லை. திருநகரிலிருந்து ஒரு காலேஜ் பையனைக் கொண்டு வந்தார்கள். அப்பா வாத்தியார். வயித்து வலி, வயித்து வலி என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். பார்த்தால் பையன் மூன்று பேப்பரில் அரியர் வைத்திருந்தான், வீட்டில் ஒருவரும் அவனோடு பேசாமல் இருந்திருக்கிறார்கள். இப்படி வருஷம் முழுக்க. "என்ன கேஸ் சிஸ்டர்?" என்றால் "வயித்து வலி" என்போம், கேட்டவர் தலையாட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை. ஆற்றில் இறங்கிய அழகர் மலைக்குத் திரும்பிய வாரம். அப்போதுதான் மஞ்சுளாவைக் கொண்டு வந்தார்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். மதுரை மஹால் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிச் சேலைத் தொழில். பெண்கள் துணியில் முடிச்சுப் போடுவார்கள், ஆண்கள் சாயம் முக்குவார்கள். மஞ்சுளாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல இருந்தாள். வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் சீனிவாசன், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள்.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். இந்த மாதிரிக் கேஸ் எதற்கும் வந்து காரணம் எழுதிக்கொண்டு போக வேண்டியது அவர் வேலை. "என்ன சிஸ்டர், வயித்து வலிதானே?" என்று கேட்டுக்கொண்டே எழுதிவிட்டார். நானும் சிரித்தேன்.

மஞ்சுளாவும் அதையேதான் சொன்னாள். முதல் நாளிலிருந்து அதே வார்த்தை, டாக்டரின் ‘எப்ப’வுக்கும் அதேதான். "வயித்து வலி சிஸ்டர்." நானும் விடவில்லை. "எங்கிட்டச் சொல்லு தாயி. யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன்.

"சொல்லிட்டேனே சிஸ்டர்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு வீட்டாரும் கட்டிலைச் சுற்றி நின்று தங்கள் பாஷையில் பேசுவார்கள், என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறுவார்கள். ஆகா, எதையோ மென்று முழுங்குகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அட, அது அவர்கள் வீட்டுப் பாஷை, வீட்டு ஆட்களோடு வேறெதில் பேசுவார்கள்? அதெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றியது! மாமியார்க்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முந்தி அவளுக்கு யாரோ இருந்திருக்க வேண்டும் என்று காதைக் கடித்தாள். மஞ்சுளாவின் பெரியண்ணன் வராந்தாவிலேயே மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். "மாசத்துல பாதி நாளு கதவச் சாத்திக்கிட்டு எந் தங்கச்சிய என்ன பண்ணுன? தெருவே பேசுது. வெள்ளிக்கிழமை பெரியவங்க கூடுறாங்க. இந்தக் கலியாணத்த அத்து விட்டுட்டுத்தான் மறுவேலை. அதுக்கு மேல ஸ்டேஷன் இருக்கு." குழந்தை எங்கள் வீட்டில்தான் வளரும் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டது. சீனிவாசன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவன்மேல்தானே நமக்குச் சந்தேகம் கூடும்.

வியாழக்கிழமை நான் மறுபடி போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் குரலை உயர்த்தியும் விட்டேன். "நாளைக்கு உன் வாழ்க்கையத் தீர்மானம் பண்ணப் போறாங்க. இப்பவாவது நெசத்தச் சொல்லு."

சுவர்ப் பக்கத்திலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவரு அடிச்சாரு சிஸ்டர்" என்றாள்.

அப்பாடா, வாயைத் திறந்துவிட்டாள்! டூட்டி ரூமுக்கு ஓட்டமாக ஓடினேன். சாதாரணக் காரணம், எல்லோருக்கும் புரிகிற காரணம். செய்தி நிமிஷத்தில் பரவியது. பெரியண்ணன் ஏட்டையாவைக் கூட்டிவரச் சைக்கிளை எடுத்தார்.

டாக்டர் முதலில் சீனிவாசனைக் கூப்பிட்டார். "உங்க மனைவி, நீங்க அடிச்சதாச் சொல்றாங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. "ஆமா சார். அடிச்சேன். எழுதிக்கங்க. அவ பொழச்சாப் போதும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஏதாவது இடித்தால் அப்படித்தான் துடைப்பார். "எப்ப அடிச்சீங்க?"

"அது... அவ எப்பன்னு சொன்னாளோ அப்பத்தான் சார்."

நேராக மஞ்சுளாவிடம் போனார், முக்காலியில் உட்கார்ந்தார், கையைப் பிடித்தார். "எப்பம்மா அடிச்சாரு?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "அவரு எப்பன்னு சொன்னாரு சார்?"

டாக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஒரு பொய்யக்கூடப் பேசி வச்சுக்கத் தெரியல ரெண்டு பேருக்கும்" என்றார் என்னிடம். பிறகு அவளிடம், "சரிம்மா, அடிச்சத விட்ருவோம். சாகணும்னு முதமுதல்ல எப்பத் தோணுச்சு?"

"புள்ள பெறந்து கொஞ்ச நாள்ல. தை மாசத் தெப்பத்துக்கு முந்தி."

"எம்புட்டு நாள் இருந்துச்சு?"

"ஒரு பத்து நாள் இருக்கும். அப்புறம் போயிருச்சு."

"எப்படிப் போச்சு?"

"காய்ச்சல் விட்டுச்சு. அதோட அதுவும் போயிருச்சு."

அவள் மணிக்கட்டில் இருந்த டாக்டரின் விரல்கள் அசையாமல் நின்றன. "என்ன காய்ச்சல்மா?"

சாயங்காலமானால் வரும் காய்ச்சல். வாயெல்லாம் புண். விரல் கணுக்கள் வீங்கி முடிச்சுப் போட முடியாது. வாரக்கணக்கில் இருக்கும், தானாக அடங்கும், பிறகு எல்லோரையும் போலச் சிரித்துக்கொண்டு இருப்பாள். அடுத்த தடவை காய்ச்சல் வரும்போது சாகிற நினைப்பும் கூடவே வரும். "வேற என்னம்மா பண்ணும்?" என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். அவர் எழுந்து, "நீங்க கேளுங்க சிஸ்டர்" என்று வெளியே போய்விட்டார்.

வெளிக்குப் போனால் ரத்தம். கலியாணமான மறு வருஷத்திலிருந்து. பல குடித்தனத்துக்குப் பொதுக் கக்கூஸ், வாசலில் எப்போதும் ஆள் நிற்கும். யாரும் பார்ப்பதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவாளாம். மாமியாரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? மூலம் என்று தானே நினைத்துக்கொண்டாள். ஆத்தாடி, அம்புட்டையும் ஒரு பெண் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்!

"அந்த வலி பொறுக்க மாட்டாமத்தான் இப்படிப் பண்ணுனியா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். வலி அப்புறந்தான் வரும். முதல்ல மனசு இருட்டும். எம் புள்ளயப் பாத்தாக்கூட யாரோ வீட்டுப் புள்ள மாதிரி இருக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வயிறு."

"அப்புறம் எதுக்கு வயித்து வலி வயித்து வலின்னே சொன்ன?"

"வேற என்னான்னு சொல்றது சிஸ்டர்? வயிறு வலிக்குதுன்னா கைய வச்சுக் காட்டலாம். மனசு இருட்டுதுன்னா எங்க தொட்டுக் காட்டுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளாக அவள் வயித்து வலி என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறாள், எங்களில் ஒருவர்கூட அந்த வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் உள்ளே வந்து அடிவயிற்றின் வலப்பக்கம் மெதுவாக அமுக்கினார். அவள் துள்ளிவிட்டாள். பிறகு சீனிவாசனைக் கூப்பிட்டு, இவளுக்கு எப்பெப்போ முடியாமல் போகும் என்று கேட்டார். அவன் மடமடவென்று சொன்னான். "புள்ள பெறந்த வருஷம் தெப்பத்துக்கு ஒருக்கா. ஆடி வெள்ளிக்கு ஒருக்கா. போன தீபாவளிக்கு. இப்பச் சித்திரைக்கு. முடிச்சுப் போட வந்த சேலையெல்லாம் அப்படியே கெடக்கும் சார். வீட்டுல சோம்பேறின்னு ஏசுவாங்க. அதான் நானே போட்ருவேன்."

"நீங்களா?"

"ஆமா சார். ஆம்பள முடிச்சுப் போட்டாத் தெருவுல கேலி பண்ணுவாங்க. அதுக்குத்தான் கதவச் சாத்திக்கிறது."

ஏட்டையா மறுநாள் வருவதாகச் சொல்லிவிட, திரும்பி வந்த பெரியண்ணன் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது.

ரத்தப் பரிசோதனையில், உடம்புக்குள் எங்கோ பலமான அழற்சி என்று வந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் டி.பி.யைத்தான் நினைப்போம், அதுவும் இல்லையென்று ஆனது. குடல் வைத்தியர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே பாளம் பாளமாகப் புண். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, தன் குடலையே அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். காவலுக்கு வளர்த்த நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற கதை.

அதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அதற்கு முன்பே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெள்ளை வேட்டியோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் வெளியே போய், "அந்தப் பொண்ணுக்கு உள்ள பெரிய நோவு இருக்குது. என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கோம். இப்ப யாரும் யாரையும் அத்துவிட வேண்டாம்" என்றார். கூட்டத்தில் ஒருவர், "அப்ப மாப்பிள்ள அடிச்சான்னு சொன்னது?" என்று இழுத்தார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பெரியண்ணன் எழுந்துவிட்டார். "அடிக்கல. முடிச்சுப் போட்டுருக்காரு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு ஏட்டையாவும் வந்திருந்தார். "எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் என்னத்த எழுத சிஸ்டர்?"

"வயித்து வலின்னு எழுதுங்க."

"அதத்தான் அன்னைக்கே எழுதிட்டனே!"

"அன்னைக்குச் சும்மா எழுதுனீங்க. இப்ப நெசமாவே எழுதுங்க" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். "இந்த மாத்திரையே சில பேருக்கு மனசப் புரட்டிப் போடும். கண்ணு இவ மேலயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். மாற்றி மாற்றிக் கூடவே உட்கார்ந்தோம். காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது, கஞ்சி சோறானது. ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று திரும்பி, "சிஸ்டர், எம் புள்ள எங்க? யாரு சோறு ஊட்டுறா?" என்றாள். அவள் குழந்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சீப்பைப் போட்டுவிட்டு சீனிவாசனைத் தேடி ஓடினேன்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது டாக்டரிடம் கேட்டேன், குடலில் புண் வந்தால் மனசு எதுக்கு சார் சாகச் சொல்லுது என்று. "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" என்றார். "மூலையில முடங்கிக்குவேன். யாரு பேசுனாலும் எரிஞ்சு விழுவேன்." "அதான். உடம்பு சண்டையில இருக்கும்போது, சோறு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், ஆள் வேண்டாம்னு மூளைக்குச் சேதி போகுது. நாலு நாள்ல சண்டை முடிஞ்சா நாமளும் எந்திரிச்சிடுறோம். முடியவே முடியாத சண்டைன்னா, சில பேருக்கு அந்தச் சேதி அளவு மீறிருதோ என்னமோ. எனக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா எப்ப எப்பன்னு பாத்தா ரெண்டும் சேந்தே நடக்குது." தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

வசந்தி, உன் புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல். சாக நினைக்கிறவர்களுக்கெல்லாம் அழற்சிதான் என்று புது லேபிள் ஒட்டிவிட வேண்டாம், பழைய லேபிளால் பட்டதே போதும். மனசு நொந்து வந்தவர்கள்தான் அங்கே அதிகம். மஞ்சுளாவுக்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் சின்ன வேலைதான். என்ன காரணம் சொல்லிக்கொண்டு வந்தாலும், காய்ச்சல் உண்டா, மூட்டு வீங்குமா, வாய்ப்புண் வருமா என்று கேட்டு வயிற்றையும் தொட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கம், நாள்பட்ட காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகக் கிடக்கிற வார்டுகளுக்குப் போய், "மனசு எப்படி இருக்கு? வாழ வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?" என்று வாய்விட்டுக் கேட்டோம். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி வந்து நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்று அழுதார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வரும்வரை காத்திருக்க முடியாது, அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஓர் ஐப்பசி மழை. காலை டூட்டிக்கு வந்து குடையை மடக்குகிறேன், வார்டு வாசலில் மஞ்சுளா நிற்கிறாள். கையில் துணிப்பை, பைக்குள் தலையணை. பின்னால் சீனிவாசன், தோளில் பிள்ளை. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

"என்ன தாயி, வயித்து வலியா?"

"வயிறு இன்னும் வலிக்கல சிஸ்டர். அதுக்கு முன்னாடி வாரது வந்துருச்சு. நேத்து இவருகிட்டச் சொன்னேன். ஏன்னு கேக்கல. எப்ப இருந்துன்னு கேட்டாரு. விடிஞ்சதும் பஸ் ஏத்திக் கூட்டியாந்துட்டாரு."

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். என் மேசைக்கு எதிர்த்த கட்டிலில் விரிப்பை மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வயிறு வலித்தது, அவள் சொன்ன மாதிரியே. அப்போது அவள் எங்களோடு வார்டில் இருந்தாள்.